கார்னெட் கேட்காத ஹெட்போன்

ஏப்ரல் 18, செவ்வாய்

தேவாலய பேண்டு ஒத்திகையிலிருந்து அப்பா மறுபடியும் கோபமாக வந்தார்; பேண்டை நடத்துவது அவர்தான். ஒரு மாதமாக இதே கதை. குட்டி டிரம்பெட் மாதிரி இருக்கும் கார்னெட், அதில் இரண்டாம் வரிசை தூங்குகிறதாம். இரண்டாம் கார்னெட் வரிசை என்றால் இனோக்கேயும் அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேரும். இனோக்கே என் வீட்டுக்காரன் என்பதால் அப்பா மற்ற இருவரையும் மறந்துவிடுகிறார்.

"ஹாபாய்த் தீவுக்காரன் மூச்சு மீன் பிடிக்கத்தான் காணும். கார்னெட்டுக்குக் காணாது" என்று சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார். இனோக்கே தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். மாமனார் வீட்டில் இருப்பவன், என்ன பேசுவான்? நான் மரவள்ளிக்கிழங்கை இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி வைத்தேன்.

அம்மா இருந்தால் இப்படி நடக்காது. தங்கை எலெனோவாவின் பிரசவத்துக்கென்று பிப்ரவரியில் ஆக்லாந்து போனவள், பேரனைக் கண்டதும் திரும்பும் பேச்சையே எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, புதன்

இன்றைக்கு ஒரு வேலை வந்தது. அப்பா தேவாலயத்தின் பதிவுக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு மைக் உள்ள சின்னக் கருவி. அதைத் தன் முன்னால் வைத்துத்தான் ஒத்திகையைப் பதிவு செய்கிறார். ஆனால் வீட்டு ரேடியோவில் செருகிக் கேட்டால் எல்லாம் ஒரே கூழாக வருகிறது.

"லூப்பே, தலையில மாட்டிக் கேக்குறது ஒண்ணு வாங்கிட்டு வா. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக் கேக்கணும். எவன் வாசிக்கிறான், எவன் வாயில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியணும். பாஸ் நெஞ்சுல இடிக்கணும். விலை இடிக்கக் கூடாது."

ஜூனில் நடக்கும் தேவாலய மாநாட்டுக்கு எல்லா ஊர் பேண்டுகளும் வரும். அதற்குள் திருடனைப் பிடிக்க வேண்டுமாம். திருடன் என் பக்கத்தில்தான் படுத்துக் குறட்டை விடுகிறான்.

ஏப்ரல் 22, சனி

கடைகள் மதியத்தோடு மூடிவிடும் என்று காலையிலேயே பஸ் பிடித்தேன். தலைநகரம் என்று பெயர், நூக்குஅலோஃபாவில் ஹெட்போன் விற்கும் கடை நாலைந்துதான். கடைசியில் சீனாக்காரன் லின் கடைதான் வாய்த்தது. அவன் ஒருவன்தான் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்க்க விடுகிறான்.

கடையிலேயே நன்றாகப் பார்த்துவிட வேண்டும். அப்பா தலையில் ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் நான் தொட்டு மாட்ட முடியாது; அப்பன் தலையில் பட்டதைப் பிள்ளை தலையில் போடுவது எங்கள் வழக்கத்தில் ஆகாது.

முதலில் சிவப்பு ஒன்று. பெட்டியில் பாஸ் பாஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பாஸ்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டியை உருட்டுவது போல ஒரு சத்தம், அதற்கு அடியில் யாரோ பாடுகிறார்கள். அடுத்து வெள்ளை. உகுலேலே, கிட்டார், குரல் எல்லாம் பிரித்துப் பிரித்துக் கேட்டது, ஆனால் பாஸ் ஒல்லி. மூன்றாவது கறுப்பு, வயர் வைத்தது, காதை முழுக்க மூடும் பெரிய மெத்தை. அதில்தான் பாஸ் வந்தது, இடித்தது, உடனே நின்றது. நின்றதால் அதற்குப் பக்கத்தில் மற்ற வாத்தியங்களுக்கு இடம் இருந்தது. இதைப் பெட்டியில் எழுத மாட்டேன் என்கிறார்கள். இழுத்துக்கொண்டே போகும் பாஸ் வெறும் இரைச்சல், இடித்துவிட்டு ஒதுங்குவதுதான் பாஸ். பள்ளிக்கூட பேண்டில் டெனர் ஹார்ன் வாசித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"அக்கா, முழுக் கடையையும் காதுல மாட்டிப் பாத்துட்டீங்க. மிச்சம் அந்த ஃபேன்தான்" என்றான் லின்.

கறுப்பையே வாங்கினேன். விலையும் அப்பா கோபப்படாத விலை.

ஏப்ரல் 24, திங்கள்

பிடிக்கவில்லை!

நேற்று கோவிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டு முடித்து, வராந்தாவில் உட்கார்ந்து கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. ஆனால் மாநாட்டுக்கு வாசிப்பது கீர்த்தனை, ஆகவே கேட்பது வேலையில்லை என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். கேட்டு முடித்ததும் சொன்னது: "பாஸ் நல்லா இருக்கு. கார்னெட்தான் இல்ல."

பாஸ் அதிகமாகிக் கார்னெட்டை மூடுகிறதோ? கடையில் அப்படி இல்லையே. ஆனால் கடையில் நான் கேட்டது வேறு பாட்டு.

ஏப்ரல் 29, சனி

லின் முகம் சுளித்தான், இருந்தாலும் மாற்றிக் கொடுத்தான். வெள்ளையை வாங்கி வந்தேன். பாஸ் கொஞ்சம் ஒல்லியானாலும் பரவாயில்லை, கார்னெட் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மே 1, திங்கள்

வெள்ளையிலும் கார்னெட் இல்லை. முதல் வரிசை ஏதோ தூரத்தில் கேட்கிறதாம், இரண்டாம் வரிசை சுத்தமாக இல்லையாம்.

"ரெண்டு ஹெட்போன் பொய் சொல்லாது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு இனோக்கே இருந்த பக்கம் ஒரு பார்வை.

அதை வாங்கிக் கொடுத்தவள் நான். என் புருஷனுக்கு எதிராகச் சாட்சியை நானே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இனோக்கேயிடம் தனியாகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு, வாசிக்கிறியா?"

"என் உதட்டைப் பாரு" என்றான். ஊதுகுழல் வாய் பதிந்த வட்டம் அப்படியே சிவந்திருந்தது.

மே 4, வியாழன்

ஒத்திகை. அப்பாவும் இனோக்கேயும் தனித்தனியாக நடந்து வந்தார்கள். ஒரே சாலைதான்.

மே 11, வியாழன்

அப்பா இனோக்கேயிடமிருந்து கார்னெட்டை வாங்கிக்கொண்டார். எல்லார் முன்னாலும். மாநாட்டில் அவன் கைத்தாளம் தட்ட வேண்டுமாம். பித்தளைத் தட்டு இரண்டு! அது பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எதற்கும் உதவாதவனிடம் கொடுப்பது. பதினொரு வருடமாக இந்த பேண்டில் கார்னெட் வாசிக்கிறவன்.

இனோக்கே வந்து தட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அவை உரசிச் சத்தம் போட்டன. அடுத்த அறையில் அப்பா.

எனக்குத்தான் ஆறவில்லை. என்ன மனுஷன் இவர்? பெத்த பொண்ணு வீட்டுலேயே இருக்கேன், அவ புருஷனை ஊர் முன்னாடி இப்படியா நிக்க வைப்பாங்க? ஆனா அப்பா பொய் சொல்றவரும் இல்ல. இனோக்கேயும் பொய் சொல்லல. அப்போ யாரு?

ஹெட்போன்தான். வேறு யார் மிச்சம்?

மே 13, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் லின் கடை. வெள்ளையைக் கவுண்டர் மேல் வைத்தேன்.

"இதுவும் சரியில்ல. கார்னெட் கேக்கல."

அவன் அதைத் தன் போனில் செருகி, தலையில் மாட்டி, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். அப்புறம் நான் திருப்பிக் கொடுத்திருந்த கறுப்பை அலமாரியிலிருந்து எடுத்து அதையும் மாட்டினான்.

"அக்கா, ரெண்டும் நல்லா இருக்கு. ரெண்டு பக்கமும் கேக்குது."

"எங்கப்பா எத்தனை வருஷமா பேண்டு நடத்துறார் தெரியுமா? அவர் காதைவிட உன் காது ஒசத்தியா?"

"நான் அப்படிச் சொல்லல. நீங்களே போட்டுப் பாருங்க."

நீட்டினான். நான் ஓரடி பின்னால் போய்விட்டேன். அப்பா தலைபட்ட பொருள். சின்ன வயதில் அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டதற்காக அண்ணன் வாங்கிய அடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடித்தது அப்பாகூட இல்லை, அத்தை.

லினுக்குப் புரிந்துவிட்டது. இங்கே கடை வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது, அவன் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கின்றன. கையை இழுத்துக்கொண்டான். "ஓ, அப்பா போட்டதா. சரி, சரி." வெள்ளையைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "அப்ப இதை உங்க வீட்டுல வேற யாருமே போட்டுப் பாக்கலயா? அவர் ஒருத்தர் சொன்னதுதானா?"

நான் பார்வையை அலமாரிக்குத் திருப்பினேன். "கறுப்புதான் ஒசத்தி, அதையே கொண்டு போங்க, இனிமே மாத்த மாட்டேன்" என்று கறுப்பைக் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் ஒருத்தர் சொன்னதுதானா. பஸ் முழுக்க இதுவே ஓடியது.

வீட்டில் யாரும் இல்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குக் கிழங்கு தோண்டத் தோட்டத்துக்குப் போயிருந்தார். பதிவுக் கருவி மேசை மேல். வீட்டில் வேறு ஹெட்போன் இல்லை.

போட்டுவிட்டேன்.

எரிச்சலில்தான் போட்டேன், துணிச்சலில் இல்லை. பட்டை பெரிதாக இருந்தது, மெத்தை தாடைக்கு இறங்கிவிட்டது. பட்டையின் நீளத்தை டிக் டிக்கென்று இரண்டு பல் சுருக்கினேன். செவ்வாய்க்கிழமை ஒத்திகையை ஓடவிட்டேன்.

கடவுளே, எவ்வளவு நன்றாக இருந்தது. அப்பா நிற்கும் இடத்திலேயே நான் நிற்பது போல. வலப்பக்கம் டிரம்போன்கள், அதற்குப் பின்னால் டியூபாக்கள், ஒவ்வொரு அடியும் நெஞ்சில் இடித்தது. இடப்பக்கம் முழுக்கக் கார்னெட்டுகள். முதல் வரிசை. அதற்குப் பின்னால் தனியாக, தெளிவாக, இரண்டாம் வரிசை. இனோக்கேயின் கார்னெட் எனக்குத் தெரியும், மேல் சுரத்துக்குப் போகும்போது துளி முந்திக்கொள்ளும். முந்தியது. மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. ஒரு சுரம்கூட விடவில்லை அவன்.

அப்புறம் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. இடது காதிலிருந்து மெத்தையை விலக்கிவிட்டு, வலது காதால் மட்டும் கேட்டேன்.

பாஸ் நல்லா இருக்கு. கார்னெட்தான் இல்ல.

அப்பா சொன்ன அதே வார்த்தை. முதல் வரிசை எங்கோ தூரத்தில். இரண்டாம் வரிசை சுத்தமாக இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. வெளியே அப்பாவின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. கழற்றி அவசரமாகச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, போய்க் கிழங்கு மூட்டையைப் பிடித்தேன். அவருக்கு இடப்பக்கம் நின்று, "கறுப்பையே வாங்கிட்டு வந்துட்டேன்ப்பா" என்றேன். அவர் திரும்பவில்லை. வலப்பக்கம் வந்து மறுபடி சொன்னேன். "சரி, மாட்டி வை" என்றார்.

மே 13, அதே நாள், மாலை

அம்மாவுக்குப் போன் போட்டேன். பேரன் புராணம் முடியும்வரை பொறுத்திருந்து, அப்பாவின் இடது காதைப் பற்றிக் கேட்டேன். குழந்தையை எலெனோவாவிடம் கொடுப்பது கேட்டது. அப்புறம், "நான் அவருக்கு எந்தப் பக்கம் நடப்பேன்னு பாத்திருக்கியா?" என்றாள்.

இடப்பக்கம். கோவிலிலும் இடப்பக்கம்தான் உட்காருவாள்.

"அந்தப் பக்கத்துலேருந்து யாராவது பேசினா அவர் கையை அமுக்குவேன். உடனே திரும்பிப் பாப்பார். ஒத்திகைக்கும் அதுக்குத்தான் போய் முன்னால உக்காந்திருந்தேன், அந்தப் பக்கம் கார்னெட் வாசிக்கிறப்ப கண்ணைக் காட்டுவேன். பின்ன, நீங்க நினைக்கிற மாதிரி பாட்டு கேக்கவா?"

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. நாங்க அதைப் பேசிக்கிட்டதில்ல."

இரண்டு வருஷம் கையை அமுக்கியிருக்கிறார்கள், பேசிக்கொண்டதில்லையாம். இந்த வீட்டுப் பெரியவர்களை என்ன செய்வது?

இனோக்கேயிடம் சொன்னேன். அப்பாவின் ஹெட்போனைப் போட்டேன் என்பதைக் கேட்டதும் முதலில் வாசலைப் பார்த்தான், யாராவது நிற்கிறார்களா என்று. அப்புறம்தான் மிச்சத்தைக் கேட்டான்.

"நாளைக்கே அவர்கிட்டச் சொல்லப் போறேன்" என்றேன்.

"சொல்லாத."

"உனக்குக் கார்னெட் வேண்டாமா?"

"வேணும். ஆனா ஒரு காது இல்லாதவர் எப்படிக் கோல் பிடிப்பாருன்னு நாளைக்கு எவனாவது கேப்பான். அவரும் மானஸ்தர், கோலைக் கீழ வெச்சுடுவார். அப்புறம் என்ன பண்ணுவார்? கிழங்கு தோண்டிக்கிட்டு நம்மளத் திட்டிக்கிட்டு இருப்பார். நான் தட்டே தட்டிக்கிறேன்."

பதினொரு வருடத்தில் இவன்மேல் எனக்கு இவ்வளவு அன்பும் இவ்வளவு கோபமும் ஒரே நேரத்தில் வந்ததில்லை. இவனைக் கைத்தாளத்தோடு நிற்க விடுவதா, அவரைக் கோலில்லாமல் உட்கார வைப்பதா?

மே 14, ஞாயிறு

கோவிலில் அப்பாவுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை அவர்.

சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் ஹெட்போனை எடுத்தார். நான் சமையலறையில் தேங்காய்ப்பால் சட்டியைச் சுரண்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்ததும் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். வயர் எப்போதும் இடது மெத்தையிலிருந்துதான் தொங்கும். இன்று அவர் வலது தோளில் தொங்கியது. நேற்று அவசரத்தில் ஆணியில் திருப்பி மாட்டியிருக்கிறேன், அவரும் பார்க்காமல் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கார்னெட் பக்கம் இப்போது அவருடைய வலது காதில்.

வேறு யார் தலையாக இருந்தாலும் ஓடிப்போய்த் திருப்பிவிட்டிருப்பேன்.

அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். கழற்றினார். கையில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் போட்டார். கேட்டார். மறுபடி கழற்றித் திருப்பினார். மறுபடி. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. அதன்பின் மடியில் வைத்துக்கொண்டு, வெயில் இறங்கும்வரை சாலையைப் பார்த்தபடி இருந்தார். தெருவில் போனவர்கள் கை காட்டினார்கள், அவர் கை தூக்கவில்லை.

மாலை ஆராதனைக்கு வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இது முதல் தடவை.

மே 16, செவ்வாய்

இன்று ஒத்திகைக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

அப்பா வந்ததும் முதல் வேலையாக நாற்காலிகளை மாற்றச் சொன்னார். கார்னெட் எல்லாம் வலப்பக்கம், டியூபா, டிரம்போன் எல்லாம் இடப்பக்கம். ஊரே முணுமுணுத்தது. டியூபாக்காரர்கள் அந்தப் பெரிய உடம்பையும் பெரிய வாத்தியத்தையும் தூக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், எந்த ஊர்ல இப்படி உக்காருறாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"இந்த ஊர்ல" என்றார் அப்பா.

அப்புறம் தன் பெட்டியிலிருந்து இனோக்கேயின் கார்னெட்டை எடுத்தார். அவன் பக்கம் நடந்துபோய் நீட்டினார்.

"நீ வாசிச்சுக்கிட்டுதான் இருந்திருக்க" என்றார். உரக்கத்தான் சொன்னார், தட்டைக் கையில் கொடுத்த அன்று சொன்ன அதே சத்தத்தில். "தப்பு என்னுது."

இனோக்கே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் அழுதான், நானும் அழுதேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு தாளைப் புரட்டினார்.

மே 21, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். "லூப்பே, இங்க வா."

ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "போட்டுக் கேளு. இப்ப எனக்குக் கார்னெட் எல்லாம் தனித்தனியாக் கேக்குது. பாஸ் போச்சு. இடப்பக்கம் டியூபா எப்படி வருதுன்னு நீ சொல்லு."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "அப்பா, அது உங்க..."

"ஏற்கெனவே போட்டவதானே."

கட்டியிருந்த கையை அவிழ்த்தேன்.

"பட்டையை ரெண்டு பல்லு சுருக்கி வெச்சிருந்த. இந்த வீட்டுல அவ்வளவு சின்னத் தலை உனக்குத்தான்." முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. "அப்பன்தான் குடுக்கிறேன். வாங்கு."

வாங்கினேன். மெத்தையில் அவர் காதின் சூடு இருந்தது. அவர் எதிரிலேயே இரண்டு பல் சுருக்கிப் போட்டுக்கொண்டேன். முழுக் கீர்த்தனையையும் கேட்டேன். இரண்டாம் சரணம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு டியூபா கொஞ்சம் பிந்துகிறது என்றேன்.

"எது?"

"ஓரத்துல உக்காருறவர்."

"ஆங், கெட்டவன். எனக்கு அப்பவே சந்தேகம்" என்று குறித்துக்கொண்டார்.

ஜூன் 7, புதன்

ஆஸ்பத்திரி. இடது காது திரும்ப வராதாம். வலது காது நன்றாக இருக்கிறதாம். அப்பா நர்ஸிடம் காது சோதிக்கும் இயந்திரத்தின் ஹெட்போன் என்ன விலை என்று கேட்டுவிட்டு, எங்களுடையதில் பாஸ் இதைவிட நன்றாக வரும் என்றார்.

ஜூன் 20, செவ்வாய்

மாநாடு முடிந்தது. நன்றாக வாசித்தார்கள். வாவாவூத் தீவு பேண்டு எங்களைவிட நன்றாக வாசித்தது. உட்காரும் வரிசை ஏன் இப்படி என்று மூன்று ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். என் இடது காது செத்துப்போச்சு என்று மூன்று பேரிடமும் அப்பாவே சொன்னார். நான்காவதாக ஒருவர் வந்தபோது இனோக்கே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

ஜூன் 29, வியாழன்

அம்மா அடுத்த மாதம் வருகிறாளாம். வரும்வரை கோவிலில் அந்த இடம் எனக்கு.

இன்று ஒத்திகை முடிந்து வந்ததும் அப்பா பட்டையை நீட்டிப் போட்டுக்கொண்டு வலப்பக்கத்தைக் கேட்டார்; இடப்பக்கம் இப்போது என் பங்கு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் தூங்கப் போயிருந்தார். ஹெட்போன் ஆணியில் இருந்தது, வயர் இடப்பக்கம் வரும்படி. இரண்டு பல் சுருக்கி வைத்திருந்தார்.